விளக்கை யார் பார்ப்பது, விமானத்தை யார் ஓட்டுவது?

விமான விபத்து அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. பொழுதுபோக்கு என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஒவ்வொரு அறிக்கையின் தொடக்கத்திலும் இறந்தவர்களின் எண்ணிக்கை இருக்கிறது. ஆனாலும் திரும்பத் திரும்ப அவற்றிடம் போகிறேன். திறமையும் அனுபவமும் உள்ள மனிதர்கள் நெருக்கடியில் மாட்டிக்கொண்டபோது நிமிடத்துக்கு நிமிடம் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கத் தவறினார்கள் என்று இவ்வளவு பொறுமையாகப் பதிவு செய்யும் எழுத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அவற்றில் லேண்டிங் கியர் கோளாறு பற்றிய அறிக்கைகள் தனி ரகம். சக்கரம் இறங்கவில்லை, அல்லது இறங்கியதா என்று தெரியவில்லை. கேட்டதுமே வயிற்றைக் கலக்கும் செய்திதான். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. சக்கரக் கோளாறு தன்னளவில் ஆளைக் கொல்வது அரிது. 2011 நவம்பர் 1 அன்று, அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து வார்சா வந்த போலந்தின் லாட் நிறுவன போயிங் 767-இல் ஒரு சக்கரம்கூட இறங்கவில்லை. கேப்டன் ததேயுஷ் வ்ரோனா விமானத்தை வயிற்றாலேயே ஓடுபாதையில் இறக்கினார். உள்ளே இருந்த 231 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கொல்வது வேறு ஒன்று. சக்கரத்தைப் பற்றியே எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது, யாரும் கவனிக்காமல் கைவிட்டுப் போகும் உயரமோ எரிபொருளோதான் கொல்கிறது. மோசமான வானிலை, அப்படிக் கைவிட்டுப் போவதற்கான அவகாசத்தை இன்னும் சுருக்கிவிடுகிறது.

இதை எனக்கு முதலில் புரியவைத்தது ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸின் 933-ஆம் விமானம். 1969 ஜனவரி 13. கோபன்ஹேகனிலிருந்து சியாட்டில் வந்து, அங்கே விமானிக் குழு மாறி, லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிய டிசி-8. உள்ளே 45 பேர். இரவு ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. தாழ்ந்த மேகம், தூறல், மூட்டம். அன்று கடல் பக்கமிருந்து வந்து இறங்க வேண்டியிருந்தது. சான்டா மோனிக்கா விரிகுடாவுக்கு மேலே, கண்ணுக்கு எந்த அடையாளமும் கிடைக்காத இருட்டில், கருவிகளை மட்டுமே நம்பி உயரம் குறைத்து வர வேண்டும். அந்த நேரம் பார்த்து முன்சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை.

விளக்கு எரியாவிட்டால் இரண்டே வாய்ப்புகள். சக்கரம் உண்மையிலேயே இறங்கிப் பூட்டிக்கொள்ளவில்லை. அல்லது சக்கரம் சரி, விளக்குதான் பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிக்க நேரம் வேண்டும், கவனம் வேண்டும். கேப்டனின் கவனம் அங்கே போனது. துணை விமானி விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் எந்த உயரத்தில் ஓட்டுகிறார் என்று சரிபார்க்க வேண்டிய இரண்டாவது ஜோடிக் கண்கள் விளக்கின் மேல் இருந்தன. ஓடுபாதைக்குப் பத்து கிலோமீட்டர் போல இருக்கும்போதே விமானம் கடலில் மோதி உடைந்தது. 15 பேர் இறந்தார்கள். இறக்கைகளோடு கூடிய முன்பகுதி பல மணி நேரம் மிதந்ததால் 30 பேர் பிழைத்தார்கள்.

விசாரணையின் முடிவு, விமானிக் குழுவுக்குள் ஒருங்கிணைப்பு இல்லை, விமானம் எங்கே இருக்கிறது என்பதைப் போதுமான அளவு கண்காணிக்கவில்லை என்பது. கூடவே இரண்டு காரணங்களையும் அறிக்கை சேர்த்தது. ஒன்று, சக்கரத்தில் கோளாறு இருப்பதுபோல் தோன்றவைத்த விளக்குகளின் வடிவமைப்பு. மற்றொன்று, விமானிகள் கையில் இருந்த வரைபடத்தில், வழியில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது இருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் அச்சிடப்படாமல் விட்டுப்போனது. இந்த இரண்டாவது காரணத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தெளிவான பகலில் அந்த எண் இல்லாவிட்டாலும் ஜன்னல் வழியே கடல் நெருங்குவது தெரிந்திருக்கும். மேகத்துக்குள் அந்த எண்தான் தரை. அது இல்லாத தாளை வைத்துக்கொண்டு, பாதிக் கவனத்தோடு, மழை இருட்டில் இறங்கியிருக்கிறார்கள்.

மேகமே இல்லாமலும் இது நடக்கும் என்பதை நான்கு வருடம் கழித்து மயாமி காட்டியது. 1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் புத்தம்புதிய ட்ரைஸ்டார் ஜெட். அதே முன்சக்கரம், அதே எரியாத பச்சை விளக்கு. இந்தக் கேப்டன் முதலில் சரியான முடிவைத்தான் எடுத்தார். தரையிறங்குவதைக் கைவிட்டு, 2,000 அடிக்கு ஏறி, ஆட்டோபைலட்டில் போட்டு, ஊருக்கு வெளியே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்கு மேல் போனார். அதன் பிறகு காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கிடம் சரணடைந்துவிட்டார்கள். ஒருவர் பல்பைக் கழற்றி மாட்டப் போராட, இன்னொருவர் சக்கரத்தைக் கண்ணால் பார்க்கக் கீழ்த்தளத்துக்குள் இறங்க, யாரோ தெரியாமல் கண்ட்ரோலை அழுத்தியதில் ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துவைப்பதை நிறுத்திவிட்டது. விமானம் மெல்ல மெல்ல இறங்கியது. நிலவில்லாத இரவு. கீழே ஒரு விளக்கு இல்லை. உயரம் குறைவதாக ஒலித்த எச்சரிக்கை மணி ஃப்ளைட் இன்ஜினியரின் இருக்கைப் பக்கம் இருந்தது; அவரோ கீழ்த்தளத்தில் இருந்தார். ரேடாரில் 900 அடி என்று பார்த்த தரைக் கட்டுப்பாட்டாளர், அங்கே எல்லாம் எப்படிப் போகிறது என்று பொதுவாக விசாரித்தார். உயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரம் இறங்கிப் பூட்டித்தான் இருந்தது. விளக்கினுள் இருந்த இரண்டு பல்புகளும் எரிந்துபோயிருந்தன.

அந்தக் கட்டுப்பாட்டாளரின் கேள்வி என்னை விடவே இல்லை. உங்கள் உயரம் 900 அடி என்று தெரிகிறதே, தெரிந்துதான் இறங்குகிறீர்களா? இதைக் கேட்க மூன்று விநாடி போதும்.

இப்போது போர்ட்லாண்ட். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மற்ற இரண்டிலும் நடந்ததை அசட்டை என்று யாராவது சொல்லிவிடக்கூடும். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. அக்கறையே ஆபத்தாக முடிந்தது.

1978 டிசம்பர் 28. யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ஆம் விமானம் டென்வரிலிருந்து போர்ட்லாண்ட் வந்தது. இதுவும் டிசி-8. 189 பேர். மாலை ஐந்து மணி தாண்டி சக்கரத்தை இறக்கியபோது பெரிய சத்தத்தோடு ஒரு குலுக்கல். விமானம் வலப்பக்கம் இழுத்தது. வலதுபக்க முதன்மைச் சக்கரத்தைத் தாங்கி மெதுவாக இறக்க வேண்டிய ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) சிலிண்டரின் தண்டு துருப்பிடித்து முறிந்து, சக்கரம் தன் எடையிலேயே விழுந்திருந்தது. விழுந்த வேகத்தில் விளக்குக்கான மின் இணைப்பும் போய்விட்டது. முன்சக்கரத்துக்கு மட்டும் பச்சை. டிசி-8-இன் இறக்கைகளின் மேல் சின்னக் குமிழ்கள் உண்டு. சக்கரம் பூட்டிக்கொண்டால் அவை மேலே எழும்பும். ஃப்ளைட் இன்ஜினியர் போய்ப் பார்த்தார். எழும்பித்தான் இருந்தன.

அதாவது இறங்கியிருக்கலாம். வானமும் தெளிவாக இருந்தது. ஆனால் கேப்டன் அவசரப்படவில்லை. 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். தரையில் சக்கரம் மடங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பணிப்பெண்கள் பயணிகளைத் தயார்படுத்த வேண்டும், வயதானவர்களையும் குழந்தைகளையும் எப்படி வெளியே கொண்டுவருவது என்று திட்டமிட வேண்டும், அவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்று நினைத்தார். ஒரு மணி நேரம் வட்டமடித்தார்கள். இன்னும் பதினைந்து நிமிடத்தில் இறங்கலாம் என்று அவர் கணக்குச் சொன்னபோது, பதினைந்து நிமிடம் என்றால் எரிபொருள் ரொம்பக் குறைந்துவிடும் என்று ஃப்ளைட் இன்ஜினியர் சொன்னார். சொன்னார், அவ்வளவுதான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. துணை விமானியும் எரிபொருள் எவ்வளவு என்று கேட்டார். எண் சொல்லப்பட்டது. அந்த எண் எத்தனை நிமிடம் என்று யாரும் மாற்றிச் சொல்லவில்லை.

மாலை 6 மணி 6 நிமிடத்துக்கு முதல் என்ஜின் அணைந்தது. மற்றவையும் அடுத்தடுத்து அணைந்தன. 6.15-க்கு, விமான நிலையத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், குடியிருப்புப் பகுதியில் மரங்களுக்கு நடுவே விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிய எரிபொருள் மிச்சமில்லாததால் தீப்பிடிக்கவில்லை. இவ்வளவு பேர் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூத்தவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு அந்தக் காக்பிட் அந்நியமான இடமே இல்லை. எத்தனை அலுவலகங்களில், எத்தனை ஆஸ்பத்திரிகளில் இதே மெல்லிய குரல் கேட்கிறது! விபத்துக்குக் கேப்டனை மட்டும் அறிக்கை குறை சொல்லவில்லை. மற்ற இருவரும் தங்கள் கவலையை அவர் மனதில் பதியும்படி சொல்லவில்லை என்பதையும் காரணமாகச் சேர்த்தது. 1979-இல் நாசா இதற்காகவே ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் விமானிகளுக்கான பயிற்சியாக அதைத் தொடங்கியது. இன்று உலகமெங்கும் சி.ஆர்.எம். (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்) என்று சொல்லப்படும் பயிற்சியின் வேர் இதுதான். கீழே இருப்பவர் எப்படி அழுத்திச் சொல்வது, மேலே இருப்பவர் எப்படிக் காதுகொடுப்பது, ஒருவர் கோளாறைப் பார்க்கும்போது இன்னொருவர் ஓட்டுவதைத் தவிர வேறெதையும் தொடாமல் இருப்பது. பைலட்டுகள் இன்று செக்லிஸ்டைத் திறக்கும் முன், யார் ஓட்டுகிறார், யார் ரேடியோ பேசுகிறார் என்று வாய்விட்டுச் சொல்லிப் பிரித்துக்கொள்வது இந்த மூன்று விமானங்களும் விட்டுச்சென்ற வழக்கம்.

இவ்வளவு தெரிந்த பிறகும், 2000 ஜூலை 12 அன்று கிரீட் தீவின் ஹானியாவிலிருந்து ஜெர்மனியின் ஹனோவருக்குக் கிளம்பிய ஹபாக்-லாய்டு ஏர்பஸ் ஏ310, சக்கரத்தை மடக்க முடியாமலே பயணத்தைத் தொடர்ந்தது. தொங்கும் சக்கரம் காற்றைத் தடுத்து எரிபொருளைக் குடிக்கும். விமானத்தின் கணினியோ சக்கரம் மடங்கியிருப்பதாக வைத்துக்கொண்டு மிச்ச எரிபொருளைக் கணக்கிட்டுக் காட்டியது. ஹனோவர் வரை எரிபொருள் போதாது என்று வழியில் ஆஸ்திரியாவின் வியன்னாவுக்குத் திரும்பியது. அந்த ஓடுபாதைக்குச் சில நூறு மீட்டர் முன்பே, இரண்டு என்ஜின்களும் அணைந்த நிலையில் புல்தரையில் விழுந்தது. 150 பேரும் பிழைத்தது பெரும் அதிர்ஷ்டம்.

நம் ஊருக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-இல் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்துவிட்டு, திருச்சியிலேயே சக்கரத்தோடு பத்திரமாக இறங்கியது. தொலைக்காட்சிகள் நேரலையில் அதைத் தத்தளிப்பு என்றன. வளைகுடாவுக்குப் போய் வரும் ஒருவராவது இல்லாத தெரு திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் இருக்காது. அந்த வீடுகளில் அன்று அடுப்பு எரிந்திருக்காது. அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் தத்தளிப்பு என்ற சொல் அந்த விமானிகளுக்குச் செய்த அநியாயம். 737-இல் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. நீண்ட பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு உடனே இறங்கினால் எடை அதிகம், வேகம் அதிகம். ஹைட்ராலிக் பாதியாக இருக்கும்போது பிரேக்கின் மேல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. நெருப்பு இல்லை, என்ஜின் ஓடுகிறது, வானம் ஒத்துழைக்கிறது என்றால் வட்டமடிப்பதுதான் முடிவு.

வானம் ஒத்துழைக்காவிட்டால்? இதே கோளாறு ஒரு ஐப்பசி அடைமழை இரவில் வந்திருந்தால் என்று பல முறை யோசித்திருக்கிறேன். எல்லாக் கணக்கும் மாறுகிறது.

முதலில், எடை குறைய எரிக்க நினைக்கும் அதே எரிபொருள்தான் வேறு ஊருக்குப் போகவும் வேண்டும். திருச்சியில் மழை வலுத்தால் மதுரை, கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு. ஒரே மேகக்கூட்டம் இவற்றில் எத்தனையை மூடியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சக்கரத்தை இறக்கும் ஹைட்ராலிக் போய்விட்டால், 737-இல் தரைப் பலகைக்கு அடியில் இருக்கும் மூன்று கைப்பிடிகளை இழுத்து, பூட்டை விடுவித்து, சக்கரத்தைத் தன் எடையில் விழவைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படி இறக்கியதைத் திரும்ப மடக்க முடியாது. ஹபாக்-லாய்டு மாட்டிய அதே பொறி இங்கே திறக்கிறது. இறக்கிய பிறகு மழை கொட்டி ஓடுபாதை மறைந்து, கோ-அரவுண்ட் போட (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏற) வேண்டி வந்தால், தொங்கும் சக்கரத்தோடுதான் மேலே ஏற வேண்டும், அப்படியேதான் அடுத்த ஊருக்கும் போக வேண்டும். தாளில் இருந்த தூரம் காற்றில் கிடைக்காது. ஆகவே கைப்பிடியை இழுக்கும் முன்பே, எந்த ஊரில் இறங்கப் போகிறோம், அங்கே வானிலை நிலையாக இருக்குமா என்பது முடிவாகியிருக்க வேண்டும். சொந்த ஊர், நிறுவனத்தின் ஆட்கள் இருக்கும் ஊர் என்பதெல்லாம் அப்போது கணக்கில் வரக் கூடாது. நீளமான ஓடுபாதை, குறைந்த குறுக்குக் காற்று, நல்ல தீயணைப்பு வசதி. 2005-இல் முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பி நின்ற ஜெட்புளூ ஏர்பஸ், கிளம்பிய பர்பாங்க்குக்குத் திரும்பாமல் லாஸ் ஏஞ்சல்ஸின் நீண்ட ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்தது இப்படித்தான்.

மழையில் இன்னொரு கதவும் அடைபடுகிறது. சந்தேகம் வந்தால் கண்ட்ரோல் டவருக்கு அருகே தாழப் பறந்து, சக்கரம் தெரிகிறதா என்று கீழே இருப்பவர்களைப் பார்க்கச் சொல்வதுண்டு. சக்கரம் வெளியே இருக்கிறதா என்றுதான் அவர்களால் சொல்ல முடியும், பூட்டியிருக்கிறதா என்று தெரியாது. ஆனாலும் அது ஒரு தகவல். தாழ்ந்த மேகத்தில் அதற்காக விமானத்தைக் கீழே கொண்டுபோவது, ஒரு விளக்கின் விடைக்காகத் தரையோடு விளையாடுவது. இடிமேகத்துக்குள் வட்டமடிக்கவும் முடியாது. ஒதுங்கி நின்றால் ஊருக்கும் தனக்கும் நடுவே மேகம் வந்துவிடலாம்.

அப்படிப்பட்ட இரவில் நல்ல கேப்டன் செய்ய வேண்டியதாக எனக்குத் தோன்றுவது, எரிபொருளைக் கிலோவில் பேசாமல் கடிகார நேரத்தில் பேசுவது. ஏழு நாற்பதுக்கு, செக்லிஸ்ட் முடிந்தாலும் முடியாவிட்டாலும், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், ஓடுபாதையை நோக்கித் திரும்புகிறோம் என்று குழுவுக்கும் டவருக்கும் கேபினுக்கும் ஒரே நேரத்தைச் சொல்லிவிடுவது. ஜெட் விமானம் எப்போதும் தொடாமல் வைத்திருக்க வேண்டிய கடைசி முப்பது நிமிட எரிபொருள் ஒன்று உண்டு. அதில் கைவைக்க நேரும் என்று தெரிந்த கணமே மேடே என்ற அபாய அழைப்பைச் சொல்ல வேண்டும் என்பது இன்றைய சர்வதேச நடைமுறை. போர்ட்லாண்டில் இல்லாமல் போனது இந்த ஒரு நேரம்தான். கேபின் தயாராகவில்லை என்றால் தயாராகாமலே இறங்கியிருக்கலாம். ஓடுபாதையில் சக்கரம் மடங்கியிருந்தாலும் தீயணைப்பு வண்டிகள் பக்கத்திலேயே நின்றிருக்கும்.

துணிச்சலான உத்திகளையும் இந்தக் கடிகாரத்துக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள கோச்சி விமான நிலையத்தில், 2007 மார்ச் 13 அன்று ஆல் நிப்பான் ஏர்வேஸின் சிறிய டர்போபிராப் (சுழல்விசிறியால் பறக்கும் விமானம்) ஒன்று முன்சக்கரம் இறங்காமல் இரண்டு மணி நேரம் போல வட்டமடித்தது. பின்சக்கரங்களை ஓடுபாதையில் தட்டி, அந்த அதிர்ச்சியில் முன்சக்கரம் விழுகிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் ஏறினார் கேப்டன். விழவில்லை. பிறகு மூக்கைக் கடைசி வரை தூக்கிப் பிடித்து, மெதுவாகத் தரையில் சாய்த்து நிறுத்தினார். 60 பேரில் யாருக்கும் காயமில்லை. முயற்சி தோற்றாலும் அடுத்த சுற்றுக்கு எரிபொருளும், பார்க்க ஓடுபாதையும் மிச்சம் இருந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. ஈர ஓடுபாதையும் குறுக்குக் காற்றும் இருக்கும் இரவில், அதே முயற்சியை அதே கேப்டனே வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்; நேராக முதல் முறையிலேயே மூக்கால் இறங்கியிருப்பார்.